ஞாயிற்றின் அதிர்வைக் கணித்தவர்

பானை வாங்குவோர் அதனை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே விரிசல் உண்டா இல்லையா என அறிவர். ஞாயிற்றின் அகத்தையும் அதன் அதிர்வைக் கொண்டே அறிஞர் அறிந்தனர்.

ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தாழ்வதை அமெரிக்கரான இராபர்ட் லெய்ற்றன் குழுவினர் 1962இல் விரித்துரைத்தனர். உள்ளே உலவும் ஒலியலைகளே இதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று.

1950இல் டென்மார்க்கிற் பிறந்த யோர்கன் கிறிஸ்டென்சன்-டால்ஸ்கார்ட், கேம்பிறிட்ஜில் டக்ளஸ் கொஃப் என்பாரிடம் பயின்று, தம் நாட்டின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். விண்மீனின் அகம் இன்னவாறு இருப்பின் அதன் அதிர்வு எவ்வாறு அமையும் எனக் கணிக்கும் கணினிச் செய்நிரல்களை வகுத்தார். அவற்றைப் பிறர்க்கும் தயங்காது வழங்கினார்.

அக்காலத்தே ஒரு பெரும் வழக்குத் தீர்வின்றிக் கிடந்தது. ஞாயிற்றின் நடுவிலிருந்து வரும் நியூத்திரினோ என்னும் நுண்துகள்களுள், கணித்த தொகையில் மூன்றில் ஒரு பங்கே றேமண்ட் டேவிஸ் 1968 முதல் அமெரிக்கச் சுரங்கமொன்றில் நடத்திய ஆய்விற் புலப்பட்டது. பிழை ஞாயிற்றைப் பற்றிய கணக்கிலா, துகளைப் பற்றிய அறிவிலா?

1996இல் கிறிஸ்டென்சன்-டால்ஸ்கார்ட்டும் துணைவரும் வெளியிட்ட ஞாயிற்று மாதிரியில் ஒலியின் வேகம், அதிர்வுகள் காட்டிய வேகத்தினின்று நூற்றில் ஒரு பங்கும் வேறுபடவில்லை. கணக்கில் விரிசல் இல்லை. துகள்களே வழியில் வகை மாறுகின்றன என்பதைக் கனடாவின் சட்பரி ஆய்வுகூடம் 2001, 2002ஆம் ஆண்டுகளில் நிறுவிற்று.

2009இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்கலத்தின் துணையால் இவ்வாராய்ச்சி பல்லாயிரம் விண்மீன்களுக்கும் விரிந்தது. 2022ஆம் ஆண்டின் காவ்லி பரிசு அவருக்கும் கொனி ஏர்ட்ஸ், றோஜர் உல்றிச் ஆகியோருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

எவரும் அணுகவொண்ணா ஞாயிற்றின் நடுவை மனிதர் அறிந்தது இவ்வண்ணமே.