ஐரிஷ்காரருக்காகக் கட்டிய இரு ஆலயங்கள்

சான் பிரான்சிஸ்கோ நகரின் மிஷன் தெருவில் உள்ள புனித பேட்ரிக் ஆலயம் 1872 மார்ச் 17 அன்று, அயர்லாந்தின் பாதுகாவலரான அப்புனிதரின் திருநாளில், அர்ச்சிக்கப்பட்டது. ஹாங்காங்கின் கார்டன் சாலையில் புனித சூசையப்பர் ஆலயம் எழுந்ததும் அதே 1872இல்தான். பசிபிக் பெருங்கடலின் இரு கரைகளில் நிற்கும் இவ்விரு ஆலயங்களுக்கும் இன்று முகவரி தருபவர்கள் பிலிப்பினோ மக்கள். ஆயினும் இரண்டிலும் பிலிப்பினோ சபைக்கென ஓர் அடிக்கல் இல்லை, நிறுவிய நாள் இல்லை. பிறர் கட்டிய வீட்டுக்குள் ஞாயிறு தோறும் வந்து நின்றே அவர்கள் சபையானார்கள். ஆகவே அச்சபைகள் பிறந்து வளர்ந்த விதத்தை அறிய, முதலில் அந்த வீடுகள் யாருக்காகக் கட்டப்பட்டன என்று பார்ப்பது நல்லது.

சான் பிரான்சிஸ்கோவில், தங்க வேட்டைக் காலத்தில் வந்து தங்கிவிட்ட ஐரிஷ் குடும்பங்களுக்காக 1851இலேயே பங்கு உருவாகியிருந்தது. ஹாங்காங்கில், அருகிலிருந்த பிரிட்டிஷ் படைமுகாம்களின் கத்தோலிக்கச் சிப்பாய்கள் திருப்பலிக்கு வந்தார்கள். அக்காலப் பிரிட்டிஷ் படையில் கத்தோலிக்கர் என்றாலே பெரும்பாலும் ஐரிஷ்காரர்தான். இருபுறமும் ஒரே இனத்தார், ஆனால் இருவேறு நிலையினர். மிஷன் தெருவில் இருந்தவர்கள் திரும்பிப் போகும் எண்ணமற்றவர்கள். கார்டன் சாலைக்கு வந்தவர்களோ படைப்பிரிவு மாறினால் மறுநாளே கப்பலேற வேண்டியவர்கள்.

இயற்கையும் இரண்டையும் சோதித்தது. 1874இன் சூறாவளி சூசையப்பர் ஆலயத்தைத் தரைமட்டமாக்கியது. 1876இல் மீண்டும் எழுப்பினார்கள். இன்று நாம் காண்பது 1968இன் கட்டடம். பேட்ரிக் ஆலயம் 1906இன் நிலநடுக்கத்திலும் தீயிலும் சிதைந்து, பின்னர் செப்பனிடப்பட்டது.

பிலிப்பினோக்களின் வருகையில்தான் ஒப்பீடு சுவை பெறுகிறது. 1898இல் மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்ட அமெரிக்கப் படைகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்தே கப்பலேறின. அதே வழியில் எதிர்த்திசையில் பிலிப்பினோ இளைஞர்கள் வந்தார்கள். 1934இன் அமெரிக்கச் சட்டம் ஆண்டுக்கு 50 பேர் என்று வாசலைக் குறுக்கியது. 1965இன் குடியேற்றச் சட்டம் அதைத் திறந்துவிட்டது. அதன்பின் செவிலியரும் கணக்கரும் குடும்பம் குடும்பமாக வந்து, மார்க்கெட் தெருவுக்குத் தெற்கே மலிவான வாடகையில் தங்கினார்கள். அங்கே ஐரிஷ்காரர் விட்டுச்சென்ற பெரிய செங்கல் ஆலயம் இருந்தது.

ஹாங்காங்கின் கதவைத் திறந்தது வேறொரு சட்டம். 1974இல் பிலிப்பைன்ஸின் மார்கோஸ் அரசு கொண்டுவந்த தொழிலாளர் சட்டம் வெளிநாட்டு வேலையை அரசின் கொள்கையாக்கியது. ஹாங்காங்கில் இருவர் சம்பாதிக்கும் குடும்பங்கள் பெருக, வீட்டுப் பணிப்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு. 1987இலிருந்து, வேலை போனால் இரண்டு வாரத்துக்குள் வெளியேற வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. மற்றவர்கள் ஏழாண்டு வாழ்ந்தால் கோரக்கூடிய நிரந்தர வசிப்புரிமை இவர்களுக்கு இல்லை என்று 2013இல் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கே ஒரு வியப்பு புலப்படுகிறது. குடியேறிகளுக்காகக் கட்டிய ஆலயத்துக்குக் குடியேறிகளே வாரிசானார்கள்; வந்துபோகிறவர்களுக்காகக் கட்டிய ஆலயத்துக்கு வந்துபோகிறவர்களே வாரிசானார்கள். யாரும் திட்டமிட்டதில்லை. சிப்பாய்க்குப் படை ஆணை, பணிப்பெண்ணுக்கு ஒப்பந்தத் தாள். இருவரையும் அந்த ஊர் உழைப்புக்காக அழைத்தது, வாழ்வதற்காக அழைக்கவில்லை. நூறாண்டு இடைவெளியில், ஆணுக்குப் பதில் பெண் என்ற ஒரு மாற்றத்தோடு, அதே வாழ்க்கை அதே சாலைக்குத் திரும்பியது.

உள்ளே நுழைந்தால் வேறுபாடு கண்ணில் படும். பேட்ரிக் ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகளில் அயர்லாந்தின் புனிதர்கள் நிற்கிறார்கள். அவர்களை யாரும் இறக்கவில்லை. அவர்களுக்குக் கீழே செபுவின் குழந்தை இயேசு சுரூபமும் புனித லோரென்சோ ரூயிஸின் சுரூபமும் இடம்பெற்றன. மணிலாவிலிருந்து கப்பலேறி, 1637இல் நாகசாகியில் கொல்லப்பட்டு, 1987இல் புனிதராக அறிவிக்கப்பட்ட லோரென்சோ, கடல் கடந்த பிலிப்பினோவுக்குத் தன் கதையையே சொல்பவர். ஐரிஷ் புனிதர்களும் அவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பது எனக்குப் பெரும் நாகரிகமாகப் படுகிறது. பின்வந்தவர்கள் முன்னோரை வெளியேற்றாமல் அருகில் அமர்ந்துகொண்டார்கள்.

கார்டன் சாலையில் சபை தன் தடத்தைச் சுவரைவிடக் கடிகாரத்தில் பதித்தது. முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டியவர்களுக்குச் சொந்தமானது வாரத்தில் ஒரு நாள்தான். எனவே ஞாயிறன்று திருப்பலிகள் அடுத்தடுத்து நடக்கின்றன. ஒரு கூட்டம் வெளியேறும்போது அடுத்த கூட்டம் படியில் காத்திருக்கிறது. அங்கிருந்து இறங்கினால், வாகனங்களுக்கு அடைக்கப்பட்ட சேட்டர் சாலை. அட்டைப்பெட்டிகளை விரித்து உட்கார்ந்து உண்டு, பாடி, பணம் அனுப்பி, முடிவெட்டிக்கொள்ளும் அந்தக் கூட்டத்தை ஆலய முற்றத்தின் தொடர்ச்சியாகவே நான் கருதுகிறேன். பேட்ரிக் பங்குக்குச் சுற்றுத் தெருக்களே இருந்தன. மபினி, ரிசால், லாபு லாபு, போனிஃபாசியோ என்று பிலிப்பைன்ஸ் வீரர்களின் பெயர் தாங்கிய தெருக்கள் அவை. 2016இல் நகராட்சி அப்பகுதியைப் பிலிப்பினோ பண்பாட்டு வட்டாரமாகவே அறிவித்தது.

ஒப்புமை நேர்கோட்டில் மட்டும் ஓடவில்லை, குறுக்காகவும் ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க நகரங்களில் வீட்டு வேலைக்காரி என்றால் ஐரிஷ் பெண். சமையலறையை ஒட்டிய அறையில் படுத்து, கூலியில் மிச்சம் பிடித்து, தம்பி தங்கைக்குக் கப்பல் சீட்டு அனுப்பியவள் அவள். ஐரிஷ் பங்குகளின் ஆலயங்கள் எழுந்ததில் அவளுடைய காணிக்கைக்குப் பெரிய இடமுண்டு. அவ்வகையில் பேட்ரிக் ஆலயத்தின் முதல் தலைமுறைப் பெண்களுக்கு நெருங்கிய உறவினர், இன்று அதே பீடத்தின் முன் மண்டியிடும் பிலிப்பினோ செவிலியர் அல்லர். கடலுக்கு அப்பால் கார்டன் சாலையில் நிற்கும் பணிப்பெண்தான். ஒரு வேறுபாடு மட்டும் வலிக்கிறது. ஐரிஷ் பெண் தன் காசைத் தான் வாழ்ந்த நகரில் கல்லாக்க முடிந்தது. ஹாங்காங்கில் உழைப்பவளின் பணம் பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதியிலோ இலோயிலோவிலோ வீடாகிறது, பிள்ளைகளின் படிப்பாகிறது, ஊர்க்கோயிலின் திருவிழாச் செலவாகிறது.

வளர்ச்சி என்பதற்கே இரு சபைகளிலும் இருவேறு பொருள். பேட்ரிக் பங்கில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என்று ஒரு குடும்பத்தின் முழு வட்டமும் ஒரே பதிவேட்டில் நிறையலாம். சூசையப்பர் ஆலயத்தில் தாய்மார் நிறைந்திருக்கிறார்கள், அவர்களின் பிள்ளைகள் இல்லை. அங்கே கூட்டம் பிறப்பால் பெருகுவதில்லை. போகிறவர் இடத்தை வருகிறவர் நிரப்ப, சபை நிலைத்திருக்கிறது. பாடகர் குழுவில் நேற்றுப் பாடியவர் இன்று மணிலா விமானத்தில் இருக்கக்கூடும். இத்தனை ஆண்டுகளாக அறுபடாமல் அது நடந்துவருவதை, நிலையாகத் தங்கியவர்களின் சாதனைக்குக் குறைந்ததாக என்னால் மதிக்க முடியவில்லை.

அண்மைக் காலத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று நெருங்கவும் தொடங்கியிருக்கின்றன. 1960, 70களில் சான் பிரான்சிஸ்கோவின் யெர்பா புவேனா மறுசீரமைப்பு, பேட்ரிக் ஆலயத்தைச் சுற்றியிருந்த மலிவு விடுதிகளை இடித்தது. முதிய பிலிப்பினோக்கள் பலர் இடம்பெயர்ந்தார்கள். எஞ்சியவர்களை ஏறிக்கொண்டே போன வாடகை வெளியூர்களான டேலி சிட்டிக்கும் வயேஹோவுக்கும் தள்ளியது. ஆலயத்தின் எதிரே இப்போது பூங்கா, அருகே அருங்காட்சியகம். டிசம்பரின் ஒன்பது நாள் நவநாளுக்கும் குழந்தை இயேசு திருவிழாவுக்கும் வெளியூரிலிருந்து காரிலும் ரயிலிலும் வந்து, திருப்பலி முடிந்ததும் திரும்பிப் போகிறவர்கள் அங்கும் இருக்கிறார்கள். வந்துபோகும் சபையை நடத்தும் கலையில் கார்டன் சாலைக்கு நீண்ட அனுபவம் உண்டு. மிஷன் தெரு அதை இப்போதுதான் பழகிவருகிறது.