கோய்டர் கிழித்த கோடு

தெற்கு ஆஸ்திரேலியாவின் குவோர்ன் என்ற சிற்றூரைச் சுற்றி விரிந்து கிடக்கிறது வில்லோக்ரா சமவெளி. அங்கே வழிநெடுகக் கல்வீடுகள் கண்ணில் படும். சுவரும் புகைபோக்கியும் நிற்கும், கூரை இருக்காது. கோதுமையை நம்பி 1870களின் பிற்பகுதியில் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் கட்டியவை அவை. இந்த மண்ணில் கோதுமை நிலைக்காது என்பது அரசாங்கத்துக்கு அதற்கு முன்பே தெரியும். எழுதிக் கொடுத்தவர் அரசின் தலைமை நில அளவையாளரே.

அவர் பெயர் ஜார்ஜ் கோய்டர். 1860களின் நடுவில் கடும் வறட்சி. ஆட்டுப்பண்ணைக்காரர்கள் குத்தகையில் சலுகை கேட்டார்கள். வறட்சி எதுவரை தாக்கியிருக்கிறது என்று பார்த்து வர 1865இல் கோய்டர் அனுப்பப்பட்டார். ஆக, அவர் வரைந்த கோடு உழவர்களுக்காகப் பிறந்ததே அல்ல.

குதிரையில் சுமார் 3,200 கிலோமீட்டர் அலைந்தார். வடக்கே மழைமானிகள் அரிது. செடிகளைத்தான் அவர் படித்தார். மாலீ என்னும் குட்டை யூகலிப்டஸ் மரங்கள் எங்கே முடிந்து, சால்ட்புஷ் என்ற சாம்பல் நிறப் புதர் எங்கே தொடங்குகிறதோ, அதையொட்டிக் கோடு போட்டார். தெற்கே மழையை நம்பி விதைக்கலாம்; வடக்கே மேய்ச்சலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னாளில் மழையளவுகளோடு ஒப்பிட்டபோது, ஆண்டுக்கு 250 முதல் 300 மில்லிமீட்டர் பெய்யும் எல்லையோடு அது ஏறக்குறைய ஒத்துப்போனது.

இத்தனை எச்சரிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது? 1857இல் இதே கோய்டர் வடக்கே போனபோது அப்போதுதான் மழை பெய்திருந்தது. நன்னீர் ஏரி, பச்சைப் புல் என்று உற்சாகமாக அறிக்கை கொடுத்தார். சில மாதம் கழித்து அவருடைய மேலதிகாரி ஃபிரீலிங் படகோடு போய்ப் பார்த்தால், இருந்தது சேறு. ஒரு நல்ல மழை எப்படி ஏமாற்றும் என்பதை அவரைப் போல் பட்டறிந்தவர் அந்தக் குடியேற்றத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

கோட்டுக்கு வடக்கே இருந்த இந்த வில்லோக்ராவில் தண்ணீரே வராது என்றும் சொல்வதற்கில்லை. கன்யாகா ஆட்டுப்பண்ணையைத் தொடங்கிய ஹியூ புரோபி, 24 வயதில், 1852இல் வில்லோக்ரா ஓடையின் திடீர் வெள்ளத்தில்தான் அடித்துச் செல்லப்பட்டார்.

1872இல் வந்த சட்டம் கோய்டர் கோட்டை மதித்தது. அதற்குத் தெற்கே மட்டும்தான் உழவர்களுக்குக் கடனுக்கு நிலம். ஆனால் மழை தொடர்ந்து நன்றாகப் பெய்தது. கோட்டுக்கு வடக்கேயும் நிலம் வேண்டும் என்று குரல் வலுத்தது. ஏர் போகிற இடத்துக்கு மழையும் பின்னாலேயே வரும் என்ற நம்பிக்கை வேறு. 1874இல் அரசு தடையை நீக்கியது. மேகத்துக்கு ஓட்டுரிமை இல்லை, உழவர்களுக்கு இருந்தது.

ஹாமண்ட், கார்டன், வில்சன் என்று வரைபடத்தில் ஊர்கள் முளைத்தன. 1879இல் போர்ட் அகஸ்டாவிலிருந்து பிச்சி ரிச்சி கணவாய் வழியே குவோர்னுக்கு ரயில் வந்தது. அது மேலும் நீண்டு வரும் என்று நம்பி சிம்மன்ஸ்டன் என்ற ஊரில் ஒரு மாடி ஓட்டலே எழும்பியது. பாதை வேறு பக்கமாகத் திரும்பிவிட, யாரும் குடியேறாமலே அந்த ஊர் முடிந்துபோனது.

1880களின் தொடக்கத்தில் மழை பொய்த்தது. புதர்கள் பிடித்துவைத்திருந்த மேல்மண், உழுதுபோட்ட வயல்களிலிருந்து புழுதியாகக் கிளம்பியது. விதைத்ததைக்கூடத் திரும்ப எடுக்க முடியாமல் பலர் கடன் நிலத்தை விட்டுக் கிளம்பினார்கள். சமவெளி மெல்ல மெல்ல ஆடுகளிடமே திரும்பியது.

இன்று பிச்சி ரிச்சி பாதையில் நீராவி ரயில் ஓடுவது சுற்றுலாப் பயணிகளுக்காக. கோய்டர் கோட்டுக்கோ இன்னும் வேலை இருக்கிறது. வெப்பம் கூடி மழை குறைந்தால் அது தெற்கே நகரும் என்று வேளாண் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அப்படி நகர்ந்தால், இதுவரை கோட்டையொட்டி விதைத்து வந்த ஒரோரூ போன்ற ஊர்களின் வயல்கள் அதற்கு வெளியே போய்விடும்.