கேண்டர் ஓட்டம்

கேண்டர்: குதிரையின் மூன்று தாள நடை, டிராட்டுக்கும் (துள்ளுநடை) கேலப்புக்கும் (பாய்ச்சல்) இடைப்பட்ட வேகம் கொண்டது. வட்டமாக ஓடும்போது முதலில் வெளிப்பக்கப் பின்கால் ஊன்றும். அடுத்து உட்பக்கப் பின்காலும் வெளிப்பக்க முன்காலும் ஒருசேர ஊன்றும். கடைசியில் உட்பக்க முன்கால். பின் ஒரு கணம் நான்கு கால்களும் தரையை விட்டு எழும். பழந்தமிழ் மரபு குதிரை நடையை ஐந்தாக, ‘ஐங்கதி’ என வகுத்தது.

பயிற்சி: டிராட்டில் மாணவர் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்காமல் சமநிலையோடு அமர்ந்த பிறகே கேண்டர் கற்பிக்கப்படும். தலைக்கவசமும் குதிகால் உள்ள காலணியும் கட்டாயம். பழகிய, அமைதியான குதிரையை ஆசிரியர் நீண்ட கயிற்றில் பிடித்து வட்டமாக ஓட்டுவார். மாணவர் கழுத்துப் பட்டையையோ பிடரி மயிரையோ பற்றிக்கொள்ளலாம். வளைவில் தொடங்குவது எளிது: உட்பக்கக் கால் சேணவாரின் அருகில், வெளிப்பக்கக் கால் சற்றுப் பின்னால். முதலில் சில எட்டுகள் போதும்.

பொதுத் தவறுகள்: முன்னே சாய்தல், முழங்காலால் இறுக்குதல், அங்கவடியில் குதிகால் உயர்தல். நிறுத்த, நிமிர்ந்து அமர்ந்து கடிவாளத்தை விட்டு விட்டு இழுக்க வேண்டும்.

சிற்பம்: காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் விசயநகரக் காலக் கல்யாண மண்டபத் தூண்களில் குதிரைவீரர் சிற்பங்கள் உள்ளன. முன்கால்களைத் தூக்கி நிற்கும் அக்குதிரைகளின் நிலை கேண்டர் அன்று. பின்காலில் எழும் நிலை. கல்லில் அழகு, கற்பவருக்கு ஆபத்து.