புகை ஏறிய இலை: லாப்சாங் சூசோங் தேநீரின் சுவை வரலாறு

லாப்சாங் சூசோங் இலையை முதன்முறை முகர்பவருக்குத் தேநீர் நினைவு வராது. கருவாடு சுட்ட விறகடுப்புதான் நினைவுக்கு வரும். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில், வூயி மலைக்குள் இருக்கும் தோங்மு கிராமமே இதன் தாய்மடி. மிங் ஆட்சி சரிந்த காலத்தில் ஒரு படை அங்கே வந்து தங்கியது, பறித்த இலை வேலை நின்று கெடத் தொடங்கியது, படை அகன்றதும் பைன் விறகை மூட்டி அவசரமாக உலர்த்தினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை சுவையானதுதான். ஆனால் ஒருநாள் விபத்து தலைமுறைகளின் தொழில்முறையாக நிலைக்கப் படையைவிடப் பிடிவாதமான காரணம் வேண்டும். அது மழை என்பதே என் கருத்து.

கொழுந்து பறிக்கும் வசந்தத்தில் அம்மலையில் மூடுபனியும் மழையும் ஓய்வதில்லை. வெயிலில் இலையை வாட்ட வழியில்லை. ஆகவே சிங்லோ என்னும் பலதள மரக்கட்டடங்கள் எழுந்தன. கீழே பைன் விறகு எரியும். மேல்தளங்களில் மூங்கில் பாய்களில் இலை வாடும். உருட்டிப் புளிக்கவைத்த ஈர இலை, பிறகு அதே புகையில் உலரும். ஈரம் போகும்போது மணம் ஏறுகிறது. எரியும் மரத்தின் லிக்னின் சிதைந்து உண்டாகும் குவாயகோல் போன்ற சேர்மங்களே அந்தப் புகைவாசனை. அதோடு பைன் பிசினின் மணமும் சேர்கிறது. உள்ளூர் விறகு பைன், பருவம் மழை. வேறு மணம் வந்திருந்தால்தான் வியப்பு.

இதைச் சுவையாக மதித்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். வூயி என்ற பெயரே ஐரோப்பிய வாயில் 'பொஹீ' ஆனது. 1773இல் வரி எதிர்ப்பாளர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய தேயிலைச் சரக்கில் பொஹீ 240 பெட்டி. உயர்வகையான சூசோங் 10 பெட்டிதான். (நம் 'தேயிலை'யின் 'தே'யும் ஃபூஜியான் கடற்கரைப் பேச்சிலிருந்து கப்பலேறிய சொல்தான்.) குடித்தவர்களுக்குச் செடி பற்றித் தெளிவில்லை: கருந்தேயிலையும் பச்சைத் தேயிலையும் வெவ்வேறு செடிகள் என்று தாவரவியலாளர் லின்னேயஸ் வகைப்படுத்தியிருந்தார். 1840களில் சீனாவுக்குள் பயணம் செய்த தாவர சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன், செடி ஒன்றே, பதப்படுத்தும் முறைதான் வேறு என்று காட்டினார்.

கலவைகளின் கதை வேறு. 'ரஷ்யன் கேரவன்' கலவையின் புகைமணம், ரஷ்ய எல்லை ஊரான கியாக்தா வழியே சென்ற ஒட்டகச் சாத்துகளின் இரவுத் தீயால் வந்தது என்பார்கள். இறுகக் கட்டிய மூட்டைக்குள் திறந்தவெளித் தீயின் புகை எவ்வளவு புகும்? இன்றைய கலவைகளில் அந்த மணத்தைத் தருவது பெரும்பாலும் லாப்சாங் இலைதான்.

நல்ல தோங்மு இலையில் புகை மூக்கோடு நின்றுவிடும். நாவில் எஞ்சுவது உலர்ந்த லாங்கன் பழத்தின் இனிப்பு. வெளியூர் மலிவுச் சரக்கில் புகை நாவிலும் ஏறித் தார்க் கசப்பாகும். சுவைஞர் வேறுபாட்டைப் பிடிப்பது இங்கேதான். 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்ற சர்வதேசச் சோதனை முறை குறையை மறைக்காமல் காட்டிவிடும். குடிப்பதற்கு மூன்று நிமிடம் போதும். பால் சேர்த்தால் அந்தப் பழ இனிப்பு அமுங்கிவிடும்.

2005 வாக்கில் தோங்முவிலேயே மொட்டுகளை மட்டும் கொண்டு, புகையே காட்டாமல், ஜின் ஜுன் மெய் உருவானது. சீன நகரங்களில் அதற்குத்தான் பெரும் விலை. ஐரோப்பிய ஒன்றியமோ, விறகுப் புகையால் இலையில் படியக்கூடிய ஆந்த்ராகுவினோன் என்ற சேர்மத்துக்குக் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என்று வரம்பு விதித்தது. புகைக்காகவே லாப்சாங்கை வாங்கிய சந்தையில், இன்று அந்தப் புகைதான் ஆய்வகத்தில் அளக்கப்படுகிறது.