மன்னிப்பு யார் கையில்?

குடியுரிமைக் கல்விப் பாடம். ஜனாதிபதியின் அதிகாரங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். "கொலை செய்த ஆளையும் விடலாமா, சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். சட்டப்படி விடலாம் என்றேன். "மவுத்தானவங்கட வீட்டாக்களிட்ட கேப்பாங்களா?" என்றாள். அதற்குள் மணியடித்துவிட்டது.

அந்தக் கேள்வியோடு வீடு திரும்பியபோது ரிஸானா நபீக் நினைவுக்கு வந்தாள். எங்கள் கப்பல்துறையிலிருந்து கிண்ணியாவைக் கடந்து போனால் மூதூர். அவள் அந்த மண்ணின் பிள்ளை. 1988இல் பிறந்தவளை 1982இல் பிறந்தவளாகக் கடவுச்சீட்டில் காட்டி, 2005 மே மாதம் சவூதிக்குப் பணிப்பெண்ணாக அனுப்பினார்கள். அதே மாதம் அவளது பராமரிப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரையேறியது என்றாள் அவள். கொலை என்றது வழக்கு. முதல் விசாரணையில் அவளுக்குச் சட்டத்தரணி இருக்கவில்லை. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. இலங்கை அரசு கருணை கேட்டபோது, மன்னிக்கும் உரிமை பெற்றோருக்கே உரியது என்று பதில் வந்தது. அவர்கள் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளது தலை துண்டிக்கப்பட்டது. நம்மில் பலர் கவிதை எழுதினோம். நானும் எழுதினேன்.

நமது நாட்டில் நிலைமை நேர்மாறானது. 1976 ஜூனுக்குப் பின் இங்கே எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆகவே மரண தண்டனைக் கைதிக்கு ஆயுட்சிறை அல்லது விடுதலை என்பதே நடைமுறை. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை மன்னிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்குத் தருகிறது. மரண தண்டனையாயின் விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை ஆகியவை வேண்டும். இறந்தவரின் குடும்பத்தைப் பற்றி அந்த உறுப்புரையில் ஒரு சொல்லும் இல்லை.

2000 டிசம்பரில் யாழ்ப்பாணம் மிருசுவிலில், விட்டுவந்த வீடுகளைப் பார்க்கப் போன எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்று. இராணுவச் சிப்பாய் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015இல் மரண தண்டனை கிடைத்தது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை விடுவித்தார். அன்று நான் ஒரு வரியும் எழுதவில்லை. நம் பிள்ளைக்குக் கண்ணீர், பிறர் பிள்ளைக்கு மௌனம் என்றிருந்த வெட்கத்தை இங்கே பதிந்துவைக்கிறேன்.

2011இல் கொல்லப்பட்ட பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவின் வழக்கில் தண்டனை பெற்ற துமிந்த சில்வாவையும் அதே ஜனாதிபதி 2021இல் மன்னித்தார். இறந்தவரின் மனைவியும் மகளும் நீதிமன்றம் போனார்கள். 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை ரத்துச் செய்தது. மன்னிப்பும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

கொலைக் குற்றவாளிக்கு விடுதலையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இருபது வருடச் சிறை மனிதனை மாற்றலாம். தீர்ப்பும் பிழைக்கலாம். அல்-பகறா அத்தியாயத்தின் 178ஆம் வசனம் பழிக்குப்பழியைச் சொல்லும் இடத்திலேயே மன்னிப்பின் கதவையும் திறந்துவைக்கிறது. அந்தக் கதவின் திறப்பு இழந்தவர்களின் கையில் இருக்கிறது. ஆனால் நீதியான விசாரணை இல்லாத இடத்தில் அவர்களின் கை மட்டும் போதாது என்பதற்கு ரிஸானா சாட்சி. ஆட்சியாளனின் கை மட்டும் போதாது என்பதற்கு மிருசுவில் சாட்சி. சிறையில் அவன் நடந்துகொண்ட விதம் பற்றிய அறிக்கை, நீதிபதியின் கருத்து, இழந்தவர்களின் சொல், எழுத்தில் தரப்படும் காரணம் ஆகிய நான்கும் சேர்ந்த பின்னரே சிறைக்கதவு திறக்கப்பட வேண்டும்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியிடம் சொன்னேன்: "இதுவரைக்கும் கேக்கல்ல மகள். கேக்கத்தான் வேணும்."