விழும் கல்லும் பக்தாத் மருத்துவரும்

கிணற்றில் நழுவவிட்ட கல் 2 நொடியில் நீரைத் தொடுகிறது, ஆழம் என்ன? பதினோராம் வகுப்பில் நம் பிள்ளைகள் செய்யும் கணக்கு இது. சூத்திரத்தை மனனம் செய்து, எண்களை இட்டு, விடை காண்கின்றனர். அந்த விடைக்குப் பின்னால் பல நூற்றாண்டுச் சிந்தனை இருப்பதை நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மாறாத விசை மாறாத வேகத்தையே தரும் என்பது அரிஸ்டாட்டில் வழிவந்தோரின் கருத்து. அப்படியாயின், விழும் கல்லின் வேகம் ஏன் கூடிக்கொண்டே செல்கிறது? ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த மருத்துவர் அபுல் பரகாத் அல்-பக்தாதி இதற்கு விடை தேடினார். யூதக் குடும்பத்தில் பிறந்து, முதிய வயதில் இஸ்லாத்தைத் தழுவியவர் அவர். கல்லின் எடை அதனை ஒருமுறை தள்ளிவிட்டு ஓய்ந்துவிடுவதில்லை. அடுத்தடுத்து உந்திக்கொண்டே இருக்கிறது. முந்தைய உந்தலோடு பிந்தையது சேர்வதால் வேகம் வளர்கிறது என்று 'கிதாபுல் முஃதபர்' என்னும் நூலில் அவர் விளக்கினார்.

ஆயினும், சூத்திரத்தையே அவர் கண்டுபிடித்தார் என்று நாம் பெருமை பேசினால் அது உண்மையாகாது. சீராகக் கூடும் வேகத்திற்குச் சராசரி வேகத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம் என்று கி.பி. 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் காட்டினர். சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி, வழியும் நீரை எடைபோட்டு நேரத்தை அளந்த கலீலியோ, தொலைவு நேரத்தின் இருமடிக்கேற்ப வளர்வதை 1638இல் வெளியான நூலில் எழுதினார். முன்னோரின் பங்கை மறைப்பது அநீதி, மிகைப்படுத்துவதும் அநீதியே.

இனிக் கணக்கிற்கு வருவோம். காற்றின் தடையை விட்டுவிட்டால், நொடிதோறும் கல்லின் வேகம் ஏறத்தாழ 10 மீட்டர் கூடுகிறது. தொடக்கத்தில் வேகம் சுழியம். 2 நொடி முடிவில் நொடிக்கு 20 மீட்டர். சராசரி 10. அந்த வேகத்தில் 2 நொடி சென்றால் ஆழம் 20 மீட்டர். நேரம் 4 நொடியானால் ஆழம் இருமடங்கு அன்று, நான்கு மடங்கு: 80 மீட்டர். பக்தாதின் சிந்தனையும் ஆக்ஸ்போர்டின் சராசரியும் கலீலியோவின் அளவையும் இந்தச் சிறு கணக்கில் ஒன்றுசேர்கின்றன.

'முஃதபர்' என்ற சொல்லால் அந்த மருத்துவர் குறித்தது, தாமே ஆராய்ந்து தெளிந்ததை. சூத்திரத்தை ஒப்புவிக்கும் பிள்ளையிடம், "ஏன் அப்படி?" என்று நாமும் ஒருமுறை கேட்போம். விடை தெரியாவிடில், உடன் அமர்ந்து சேர்ந்தே தேடுவோம்.