அனுப்பினால் போதுமா?

1837-இல் மதுரை மறைப்பணித்தளத்திற்கு நான்கு பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களிலும் பலர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இளவயதிலேயே பலியானார்கள். பணியாளரை அனுப்பினால் போதாது, காக்கவும் வேண்டும் என்பதை அந்தக் கல்லறைகளே கற்பித்தன.

அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டியதும் இதனால்தான். அங்கே நம் குருக்களுக்கும் ஓய்வில்லம் அமைந்தது; அருள்தந்தை லூயி செயின்ட் சீர் முயற்சியால் 1866-இல் சலேத் அன்னை ஆலயம் எழுந்தது. களைத்துத் திரும்பிய சீடரை இயேசுவும் ஓய்வெடுக்கத்தானே அழைத்தார்?

இன்று நம் மண்ணின் பிள்ளைகள் ஆப்பிரிக்காவிலும் பிற நாடுகளிலும் மறைப்பணி செய்கிறார்கள். விடுமுறையில் வந்தால் பொன்னாடை போர்த்துகிறோம். அருகில் அமர்ந்து, அவர்கள் மனச்சுமையைக் கேட்கிறோமா?